அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு: பழைய கார் ஒயரிங் கோளாறுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைக் கொடுத்திருக்கிறோம். சுலபமானதில் தொடங்கிச் சிக்கலானதுக்குப் போகும். பல பதில்கள் ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் கவனிப்பீர்கள்: பழைய காரில் பார்ட் கெடுவதைவிட, கரன்ட் அதற்குப் போகிற வழியும் திரும்பி வருகிற வழியும் கெடுவதே அதிகம். அதனால் எதையும் கழற்றி மாற்றும் முன் வோல்ட்டை அளந்துவிடுங்கள்.

1. "முதல்ல என்னென்ன சாமான் வாங்கி வெச்சுக்கணும்? மல்டிமீட்டர் இல்லாம ஒண்ணும் பார்க்க முடியாதா?"

டெஸ்ட் லேம்ப் ஒன்று இருந்தாலே பாதி வேலை முடியும். 12 வோல்ட், 21 வாட் இன்டிகேட்டர் பல்பு, அதற்கு ஒரு ஹோல்டர், நீளமாக இரண்டு ஒயர், ஒன்றின் முனையில் கிளிப், மற்றதில் கூரான கம்பி. வீட்டிலேயே செய்துவிடலாம். அடுத்தது 20 வோல்ட் டிசி, 10 ஆம்பியர் இரண்டும் அளக்கக்கூடிய சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். அதோடு ஹைட்ரோமீட்டர் (பேட்டரி ஆசிட்டின் அடர்த்தியை அளப்பது), உப்புத்தாள், பித்தளை பிரஷ், ஒரு டப்பா வாசலின்.

லேம்ப், மீட்டர் இரண்டும் ஏன் என்றால், மீட்டர் கரன்ட்டே இழுக்காது. களிம்பு ஏறிப் பச்சை பூத்த டெர்மினலில் வைத்தாலும் 12 வோல்ட் என்றுதான் காட்டும். அங்கேயே 21 வாட் பல்பை வைத்தால் அது கிட்டத்தட்ட 2 ஆம்பியர் கேட்கும். டெர்மினலால் கொடுக்க முடியாது, பல்பு மினுக்கென்று சிவந்து நிற்கும். மீட்டர் எண்ணைச் சொல்லும், பல்பு தெம்பைச் சொல்லும்.

2. "என் வண்டி பாசிட்டிவ் எர்த்தா நெகட்டிவ் எர்த்தா? யாரைக் கேட்டாலும் ஒவ்வொண்ணு சொல்றாங்க."

யாரையும் கேட்க வேண்டாம். பேட்டரியில் எந்தப் போஸ்டின் ஒயர் நேராகப் பாடியிலோ இன்ஜினிலோ போல்ட் போட்டு முடிகிறது என்று பாருங்கள். அதுதான் எர்த். ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள். பேட்டரி மேல் பொறித்திருக்கும் கூட்டல், கழித்தல் குறியைப் பாருங்கள். பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த பழைய டைனமோ வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு. நடுவில் யாராவது ரேடியோ வைப்பதற்காக மாற்றியும் இருக்கலாம். ஆகவே வண்டியின் வருடத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது.

பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் அந்த நொடியே போய்விடும். டைனமோ தாங்கிக்கொள்ளும், ஆனால் அதன் துருவம் மாறிவிடும் (கேள்வி 7 பாருங்கள்). எர்த்தை மாற்றினால் (ஸ்பார்க் கொடுக்கும்) இக்னிஷன் காயிலின் இரண்டு சின்ன ஒயர்களையும் இடம் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டாலும் வண்டி ஓடும். ஸ்பார்க் வலு குறைந்து, மேட்டில் மிஸ் அடிக்கும்.

3. "ஒயர் கலருக்கெல்லாம் அர்த்தம் இருக்குதாமே? கொஞ்சம் சொல்லுங்க."

அம்பாசடரும் ஹெரால்டும் லூகாஸ் நிற முறையில் வந்தவை. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து பியூஸ் இல்லாமல் நேராக வரும் ஒயர். வெள்ளை, சாவி போட்டால் உயிர் வருவது. பச்சை, சாவிக்குப் பிறகு பியூஸ் வழியாக வருவது: வைப்பர், பிரேக் லைட், மீட்டர்கள். ஊதா, சாவி இல்லாமலே பியூஸ் வழியாக வருவது. ஹார்ன் பெரும்பாலும் இதில். நீலம் ஹெட்லைட்: நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், சிவப்புக் கோடு டிம். சிவப்பு பார்க்கிங் லைட். கறுப்பு எர்த். பச்சையில் சிவப்புக் கோடு இடது இன்டிகேட்டர், வெள்ளைக் கோடு வலது. வெள்ளையில் கறுப்புக் கோடு காயிலிலிருந்து பாயிண்டுக்கு (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடர்பு) போவது.

பத்மினி ஃபியட் வழியில் வந்த வண்டி, இந்தக் கணக்கு அதற்குச் செல்லாது. அம்பாசடரிலும் டாக்ஸியாக ஓடி நாலு கை மாறிய வண்டியில் கையில் கிடைத்த நிறத்தையெல்லாம் இழுத்திருப்பார்கள். நிறம் ஒரு யூகம்தான்; டெஸ்ட் லேம்ப் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

4. "பேட்டரி புதுசு. ஆனா செல்ஃப் அடிச்சா 'டக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் மோட்டார் போயிடுச்சா?"

இந்த ஒரு அறிகுறிக்காக நல்ல செல்ஃப் மோட்டார்கள் எத்தனையோ கழற்றப்படுகின்றன. கழற்றும் முன் பத்து நிமிடம் செலவழியுங்கள். முதலில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் இருக்க, காயிலின் சாவிப் பக்க ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்க, நீங்கள் மீட்டரின் இரண்டு முனையையும் பேட்டரியின் ஈயப் போஸ்ட் இரண்டிலும் வையுங்கள், கிளாம்ப்பில் வைக்கக்கூடாது. 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி சார்ஜ் இல்லை, அல்லது மோட்டார் இறுகியிருக்கிறது. 12 வோல்ட்டுக்கு மேலேயே அசையாமல் நின்றால், கரன்ட் போகவே இல்லை; வழியில் எங்கோ அடைப்பு.

அடைப்பைத் தேட, ஒரு முனையை எர்த் போஸ்டிலும் மற்றதை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்து மறுபடி அடியுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 1 வோல்ட் காட்டினால், செல்ஃப் இழுக்கும் 200 ஆம்பியர் அளவுக்கு அது 200 வாட் சூடு. அந்த போல்ட்டைத் தொட்டாலே தெரியும். அதேபோல எர்த் அல்லாத போஸ்டிலிருந்து அதன் கிளாம்ப் வரை, கிளாம்ப்பிலிருந்து சொலினாய்டு (செல்ஃபுக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) வரை, சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுக்கு நடுவே என்று படிப்படியாக அளந்து வாருங்கள். எங்கே எண் எகிறுகிறதோ அங்கேதான் வியாதி.

பெரும்பாலும் மாட்டுவது இன்ஜின் எர்த் பட்டை. இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால், பாடிக்கும் இன்ஜினுக்கும் இந்தப் பின்னல் செம்புப் பட்டை ஒன்றுதான் தொடர்பு. இன்ஜின் வேலைக்கு இறக்கியவர்கள் இதைத் திரும்ப மாட்ட மறந்துவிடுவதுண்டு. அப்போது அத்தனை கரன்ட்டும் சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் புகைந்தால் காரணம் இதுவே. பட்டையைக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் பெயின்டையும் துருவையும் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு வெள்ளை இரும்பு தெரியும் வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். பின்னல் எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தால் புதிதாகவே போட்டுவிடலாம்.

எல்லா அளவும் சரியாக இருந்து, போஸ்டில் மட்டும் வோல்ட் விழுகிறதா? பழைய மாடல் செல்ஃபில் பினியன் ஃபிளைவீல் பல்லில் சிக்கியிருக்கலாம். சாவியை ஆஃப் செய்து, டாப் கியர் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் விடுபடும்.

5. "பேட்டரி நல்லா இருக்குதான்னு நாமளே எப்படிப் பார்க்கிறது? வோல்ட் 12 காட்டுதே!"

12.0 என்பது கிட்டத்தட்ட காலியான பேட்டரி. இரவு முழுக்க நின்ற பிறகு காலையில் அளந்தால் முழுச் சார்ஜில் 12.6க்கு மேல் இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதி. ஹைட்ரோமீட்டரில் ஒவ்வொரு செல்லும் 1.250, 1.260 வாக்கில் காட்டி, ஒரே ஒரு செல் 1.180 காட்டினால் அந்த செல் செத்துக்கொண்டிருக்கிறது. எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் மீளாது.

சித்திரை, வைகாசி வெயிலில் தருமபுரி பக்கம் பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும். 15 நாளுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். நம் மாவட்டப் போர் தண்ணீரில் உப்பும் ஃபுளோரைடும் இருப்பது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த காரணத்திலேயே தெரியும். மனிதர் குடிக்கவே ஆகாத தண்ணீரைப் பேட்டரிக்கு ஊற்றக்கூடாது.

6. "ரெண்டு நாள் ஷெட்ல நின்னா பேட்டரி இறங்கிடுதுங்க. ஓட்டினா நல்லா ஓடுது."

எங்கோ கரன்ட் கசிகிறது. எல்லா சுவிட்சையும் ஆஃப் செய்து, கதவுகளைச் சாத்தி, பேட்டரி எர்த் கிளாம்ப்பைக் கழற்றி, கிளாம்ப்புக்கும் போஸ்டுக்கும் நடுவே முதலில் டெஸ்ட் லேம்பை வையுங்கள். எரிந்தால் கசிவு பெரியது. எரியாவிட்டால் அதே இடத்தில் மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து அளக்கலாம். மீட்டர் இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் போய்விடும். 0.05 ஆம்பியருக்கு மேல் போனால் தேட வேண்டியதுதான். 50 ஆம்பியர்-மணி பேட்டரியில் அரை ஆம்பியர் கசிந்தால் இரண்டு நாளில் பாதி காலி.

பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்தால் எண் இறங்குகிறதோ அந்த வழியில் கசிவு. எல்லா பியூஸையும் எடுத்த பிறகும் இறங்கவில்லையா? பின்னால் சேர்த்த ஸ்டீரியோ, டைனமோ கட்-அவுட்டில் (டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் பெட்டி) ஒட்டிக்கொண்ட பாயிண்ட், ஆல்டர்னேட்டரின் கெட்ட டையோடு ஆகிய மூன்றையும் சந்தேகப்படுங்கள். டிக்கி லைட்டும் வழக்கமான குற்றவாளி. பேட்டரி மேல் படிந்த ஈரப் புழுதிகூடக் கொஞ்சம் கசியவிடும். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் துணி நனைத்துத் துடையுங்கள், செல்லுக்குள் சொட்டாமல்.

7. "டைனமோ வண்டி. சிவப்பு லைட்டு அணையவே மாட்டேங்குது. டைனமோவா, கட்-அவுட்டா?"

ஐடிலிங்கில் சிவப்பு லைட் மினுக்கினால் அது கோளாறு இல்லை. டைனமோ அந்த வேகத்தில் சார்ஜ் செய்யாது. கொஞ்சம் ரேஸ் செய்தும் அணையாவிட்டால்தான் பார்க்க வேண்டும். பெல்ட் தளர்வை முதலில் பாருங்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் இறங்கக்கூடாது.

பிறகு டைனமோவின் டி, எஃப் இரண்டு ஒயரையும் கழற்றி, அந்த இரண்டு டெர்மினலையும் ஒரு சின்ன ஒயரால் இணைத்து, அதற்கும் டைனமோ பாடிக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். இன்ஜினை ஐடிலிங்கிலிருந்து மெதுவாக ஏற்றினால் வோல்ட்டும் கூடவே ஏறி, 1,000 சுற்று வாக்கில் 20ஐத் தொட வேண்டும். அதற்கு மேல் ரேஸ் செய்யாதீர்கள். ஏறினால் டைனமோ நலம்; கட்-அவுட் பெட்டியையோ இடையே உள்ள ஒயரையோ பாருங்கள். 1, 2 வோல்ட்டிலேயே நின்றால் ஃபீல்டு காயில் வேலை செய்யவில்லை. 5 வோல்ட் வாக்கில் நின்றால் ஆர்மேச்சர். ஒன்றுமே இல்லை என்றால் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது கம்யூடேட்டரில் கரி அப்பியிருக்கும்.

கட்-அவுட் பெட்டியைத் திறந்தவுடன் ஸ்க்ரூவைத் திருகிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டு பாயிண்ட்களைத் துடைப்பதும், பெட்டியின் எர்த் ஒயரை இறுக்குவதும் மட்டும் செய்யுங்கள். எர்த்தை மாற்றிய வண்டியிலும் ரீவைண்டிங் செய்து வந்த டைனமோவிலும் துருவம் ஏற்ற வேண்டும்: எஃப் ஒயரைக் கழற்றி, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு ஒயரை எடுத்து எஃப் டெர்மினலில் இரண்டு மூன்று முறை பொறி பறக்கத் தொட்டு எடுத்தால் போதும்.

8. "டைனமோவைத் தூக்கிட்டு ஆல்டர்னேட்டர் போட்டுடலாமா?"

தினமும் ஓட்டும் வண்டி, இரவு ஓட்டம் அதிகம் என்றால் போடலாம். டைனமோ கொடுப்பது அதிகபட்சம் 22 ஆம்பியர் வாக்கில், அதுவும் ஓட்டத்தில். ஹெட்லைட், வைப்பர், இக்னிஷன் எல்லாம் சேர்ந்தாலே 17, 18 ஆம்பியர் ஆகிவிடும். ஆல்டர்னேட்டர் 35க்கு மேல் கொடுக்கும், ஐடிலிங்கிலும் ஓரளவு சார்ஜ் செய்யும்.

நெகட்டிவ் எர்த் கட்டாயம். பழைய சார்ஜிங் ஒயர் போதாது; 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் தனியாக இழுங்கள். கட்-அவுட் பெட்டியை விலக்கிவிட வேண்டும். சிவப்பு சார்ஜிங் லைட்டை எடுத்துவிடாதீர்கள், அந்தப் பல்பு வழியாக வரும் சின்ன கரன்ட்தான் பல ஆல்டர்னேட்டர்களை எழுப்புகிறது. சார்ஜ் 13.8 முதல் 14.4 வோல்ட். "சார்ஜ் ஆகுதா பார்ப்போம்" என்று ஓடும் இன்ஜினில் பேட்டரி ஒயரைக் கழற்றும் பழக்கம் ஆல்டர்னேட்டரைக் கொன்றுவிடும். பழைய வண்டியாகவே அழகாக வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு நல்ல டைனமோவே போதும் என்பது எங்கள் எண்ணம்.

9. "ஹெட்லைட் மெழுகுவத்தி மாதிரி எரியுது. தொப்பூர் கணவாயில ராத்திரி இறங்கவே பயமா இருக்கு. 100 வாட் பல்பு போடலாமா?"

கூடாது. பல்புக்குப் போகிற வோல்ட்டை முதலில் அளந்து பாருங்கள். இன்ஜின் ஓட, லைட் எரிய, பேட்டரியில் ஒரு அளவும் பல்பு ஹோல்டரில் ஒரு அளவும் எடுங்கள். பேட்டரியில் 12.8, ஹோல்டரில் 11.5 என்று இருந்தால், பத்து சதவீதம்தானே குறைவு என்று தோன்றும். வெளிச்சமோ 30 சதவீதம் குறைந்துவிடும்; ஃபிலமென்ட் பல்பின் குணம் அது. 10.5 காட்டும் வண்டிகளும் உண்டு. இதில் 100 வாட் போட்டால் இழப்பு இன்னும் கூடி, சுவிட்சும் ஹோல்டரும் உருகும்.

ஹெட்லைட் கரன்ட் முழுவதும் டாஷ்போர்டு சுவிட்ச், காலால் மிதிக்கும் டிம் சுவிட்ச், நான்கைந்து இணைப்புகள் என்று சுற்றி வருகிறது. மிதி சுவிட்ச் தரையில் இருப்பதால் மழைக்காலச் சேறு அதற்குள்தான் போய்ச் சேரும். தீர்வு ரிலே (சின்ன கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச்): பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று. பழைய பிரைட் ஒயர் ரிலேயின் 86க்கு, 85 எர்த்துக்கு, 30க்குப் பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் பியூஸ் வழியாக 2.5 சதுர மில்லிமீட்டர் புது ஒயர், 87 பல்புக்கு. லைட் கிண்ணத்தின் எர்த்தையும் தனி ஒயராகப் பாடிக்கு இழுங்கள். இப்படிச் செய்த பிறகு 60/55 வாட் பல்பே பட்டப்பகலாக எரியும். ரிஃப்ளெக்டர் ரசம் போய்க் கறுத்திருந்தால் மட்டும் எந்த ஒயரிங்கும் காப்பாற்றாது, மாற்றத்தான் வேண்டும்.

10. "பியூஸ் போட்ட உடனே போயிடுதுண்ணா. சிகரெட் பேப்பர் சுத்தி ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள். பியூஸ் போகாவிட்டால் ஒயர் போகும், ஒயர் போனால் வண்டியே போகும். பியூஸ் இடத்தில் 21 வாட் பல்பை இணையுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழுப் பிரகாசமாக எரியும், ஒயருக்கு ஆபத்தில்லை. அந்த பியூஸில் உள்ள சாமான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள், கட்டுகளை ஆட்டிப் பாருங்கள். பல்பு மங்கும் இடத்தில் ஷார்ட். இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே ஒயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் கிழிந்திருப்பது, டிக்கி கீல், ஸ்டீயரிங் தண்டு: ஒயர் தேயும் இடங்கள் இவையே.

பழைய லூகாஸ் கண்ணாடி பியூஸில் 35 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதி, 17.5. இன்றைய பிளேடு பியூஸில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. எனவே 35க்குப் பதில் 35 பிளேடு போடாதீர்கள். 15 அல்லது 20 போதும். இன்னொன்றும் முக்கியம். இந்த வண்டிகளில் பழுப்பு ஒயருக்கும் ஹெட்லைட்டுக்கும் பெரும்பாலும் பியூஸே கிடையாது. பேட்டரி பக்கத்தில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வைப்பது மலிவான உயிர்க்காப்பு.

11. "இடது இன்டிகேட்டர் மட்டும் வேகமா அடிக்குது, வலது சரியா இருக்கு."

ஃப்ளாஷர் நல்லதுதான், இல்லையென்றால் இரண்டு பக்கமும் கெட்டிருக்கும். பழைய வெப்ப ஃப்ளாஷர், இரண்டு 21 வாட் பல்புக்குக் கணக்குப் பண்ணியது. ஒரு பல்பு போனாலோ, எர்த் பழுதானாலோ, 10 வாட் பல்பு போட்டிருந்தாலோ வேகம் மாறும், அல்லது அடிக்காமல் எரிந்தபடி நிற்கும். எல்இடி பல்பு போட்டதும் இப்படி ஆனால், எல்இடிக்கான எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் வேண்டும்.

12. "பிரேக் மிதிச்சா பின்னாடி இன்டிகேட்டரும் சேர்ந்து லேசா எரியுது!"

அந்த லைட்டுக்கு எர்த் இல்லை. கரன்ட் பாடிக்குப் போக வழியில்லாமல் பக்கத்து ஃபிலமென்ட் வழியாகத் திரும்பப் பார்க்கிறது. லைட் கிண்ணத்திலிருந்து பாடிக்கு ஒரு ஒயரைத் தற்காலிகமாகத் தொட்டுப் பாருங்கள். சரியானால், கேள்வி 4இல் சொன்னபடி சுரண்டி இறுக்குங்கள்.

13. "சேலத்துல இருந்து வரும்போது தொப்பூர் மேடு ஏறினா வண்டி நின்னுடுது. அரை மணி நேரம் ஆறினா கிளம்புது. காயிலா, பெட்ரோலா?"

நின்ற அந்த நிமிடமே பார்க்க வேண்டும். ஆறிய பிறகு எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரின் நடு ஒயரைக் கழற்றி, ரப்பர் உறை மேல் பிடித்து, பிளாக்கிலிருந்து கால் அங்குலம் தள்ளி வைத்து செல்ஃப் அடியுங்கள். நீலமாகக் 'கிளிக் கிளிக்' என்று பாய்ந்தால் ஸ்பார்க் சரி, பெட்ரோலைப் பாருங்கள். பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பினால் வேப்பர் லாக், அதாவது சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்திருக்கிறது.

ஸ்பார்க் இல்லை, அல்லது ஆரஞ்சு நிறத்தில் சோம்பலாக வருகிறது என்றால், பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து காயிலின் சாவிப் பக்கத்துக்கு நேராக ஒரு ஒயர் கொடுத்துப் பாருங்கள். கிளம்பினால் சாவி சுவிட்சோ வெள்ளை ஒயரோ பழுது. (வீட்டுக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள், அந்த ஒயர் இருக்கும்வரை சாவியால் வண்டி அணையாது.) கிளம்பாவிட்டால் மூடியைத் திறந்து பாயிண்டைப் பாருங்கள். திறந்து மூடும்போது அங்கே பெரிய பொறி பறந்தால் கண்டன்சர். புது கண்டன்சரை உள்ளே மாட்டக்கூட வேண்டாம். காயிலின் பாயிண்ட் பக்க டெர்மினலில் ஒயரைச் சேர்த்து, அதன் உடம்பைப் பாடியில் அழுத்திக் கட்டினாலே ஊர் வந்து சேரலாம்.

காயிலுக்கு மீட்டர் வைத்து இரண்டு சின்ன டெர்மினலுக்கும் நடுவே ஓம் அளங்கள். பாலஸ்ட் (காயிலுக்கு முன் தொடராக வரும் தனி ரெசிஸ்டன்ஸ்) இல்லாத வண்டிக்கு 3 ஓம் வாக்கில் வேண்டும். 1.5 ஓம் காட்டினால் அது பாலஸ்ட் வகைக் காயில். இரட்டிப்புக் கரன்ட் இழுத்துத் தானும் கொதித்து பாயிண்டையும் தின்றுவிடும். மேட்டில் நிற்கும் வண்டிகள் பலவற்றில் யாரோ கடையில் கிடைத்த காயிலை மாட்டியிருப்பார்கள். இன்னொரு மறைவிடம், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்டுக்குப் போகும் சின்ன ஒயர். உறை முழுசாக இருக்க உள்ளே இழை அறுந்திருக்கும். லேசாக இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பெட்ரோல் அம்பாசடரில் பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், பிளக் 0.025.

14. "மழை பேஞ்சா, இல்ல தளி பக்கம் பனி பேஞ்சா, காலைல ஸ்டார்ட் ஆகல."

டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் ஒயர்கள், காயில் வாய் ஆகியவற்றைக் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு அடியுங்கள். அடிக்கடி நடந்தால், இருட்டில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். நீலப் பொறி ஒயர் மேல் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். மூடியின் உட்புறம் பென்சில் கோடு போலக் கறுப்பு இழை இருந்தால் அது கரிப் பாதை. சுரண்டினாலும் திரும்ப வரும், மூடியை மாற்றுங்கள்.

15. "பெட்ரோல் முள் எப்பவும் காலியிலேயே கிடக்குது."

டேங்க்கில் பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் சென்டரிலிருந்து (sender) ஒயரைக் கழற்றி, சாவி போட்டு, ஒரு நொடி பாடியில் தொடுங்கள். முள் அசைந்து ஏறினால் மீட்டரும் ஒயரும் நலம். சென்டரிலோ, டேங்க்கின் எர்த்திலோ கோளாறு. நீண்ட நேரம் தொட்டு வைத்திருக்காதீர்கள், மீட்டர் கருகும். பெட்ரோல் ஆவி உள்ள இடம் என்பதால், தொடுவதை டேங்க் அருகே செய்யாமல் ஒயரை நீட்டித் தள்ளி வைத்துச் செய்வது நல்லது.

16. "ஹெட்லைட் போட்டா டெம்பரேச்சர் முள் ஏறுது. லைட்டுக்கும் சூட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?"

இன்ஜின் சூடாகவில்லை, எர்த் பொதுவாகிவிட்டது. மீட்டர் பலகையும் அதன் விளக்குகளும் ஒரே கறுப்பு ஒயரில் எர்த் ஆகின்றன. அந்த ஒயர் லூஸானால், லைட்டின் கரன்ட் மீட்டர்கள் வழியாகக் கசிகிறது. பெட்ரோல், டெம்பரேச்சர் இரண்டு முள்ளும் சேர்ந்து அதிகமாகக் காட்டினால், மீட்டர் பலகைக்குப் பின்னால் உள்ள வோல்டேஜ் ஸ்டெபிலைசரையும் பாருங்கள். அது விட்டுவிட்டு வேலை செய்து சராசரி 10 வோல்ட் கொடுக்கும் சின்ன டப்பா. அதன் உடம்புக்கு எர்த் போனால் முழு 12 வோல்ட்டும் மீட்டருக்குப் போகும்.

17. "தோட்டத்து ஷெட்ல நிறுத்தியிருந்தேன், எலி ஒயரிங்கைக் கடிச்சிடுச்சு. மொத்தமா மாத்தணுமா, ஒட்டுப் போட்டா போதுமா?"

மூன்று நான்கு இடம் மட்டும் கடித்திருந்து, மற்ற ஒயர்களின் உறை வளைத்தாலும் வெடிக்காமல் இருந்தால் ஒட்டலாம். வளைத்த இடத்தில் உறை பொடிப் பொடியாக உதிர்ந்தால் மொத்தமும் மாற்றுவதே சிக்கனம். வீட்டு ஒயர் கூடாது. அதன் இழை தடிமனானது, அதிர்வில் ஒடியும். ஆட்டோ ஒயர் வாங்குங்கள். சின்ன விளக்குக்கு 1, ஹெட்லைட்டுக்கு 2.5, சார்ஜிங்குக்கு 6 சதுர மில்லிமீட்டர்.

ஒட்டும் இடத்தில் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால், இன்ஜின் சூட்டில் பசை இளகி டேப் உரிந்துவிடும். ஈயத்தால் சால்டரிங் செய்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். பழைய கட்டைப் பிரிக்கும் முன் ஒவ்வொரு முனையிலும் எண் எழுதிய சீட்டு கட்டி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடலை மூட்டையும் மாம்பழக் கூடையும் வைக்கும் ஷெட்டில் வண்டியை நிறுத்தினால் எலி மறுபடி வரும். இடத்தை மாற்றுவதுதான் நிரந்தர வழி.

18. "எல்லாம் பார்த்தாச்சு, எல்லாம் மாத்தியாச்சு. ஆனா எப்பவாவது ஓடிக்கிட்டே இருக்கும்போது ஒரு செகண்டு எல்லாமே கட் ஆகி வருது. கடைக்குக் கொண்டு போனா வரமாட்டேங்குது."

எப்போதாவது வரும் கோளாறுக்கு வண்டியிலேயே காவல் வைக்க வேண்டும். இரண்டு சின்ன 12 வோல்ட் பல்பு எடுத்து, ஒன்றைக் காயிலின் சாவிப் பக்க டெர்மினலுக்கும் எர்த்துக்கும் நடுவே, மற்றதை சாவி சுவிட்சுக்கு வரும் பழுப்பு ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே இணைத்து, கண்ணில் படும்படி டாஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை கட் ஆகும்போது இரண்டும் அணைந்தால் பேட்டரி கிளாம்ப், பழுப்பு ஒயர் பக்கம். காயில் பல்பு மட்டும் அணைந்தால் சாவி சுவிட்ச் அல்லது வெள்ளை ஒயர். இரண்டும் எரிந்துகொண்டே இன்ஜின் மட்டும் தடுமாறினால் கேள்வி 13இல் சொன்ன டிஸ்ட்ரிபியூட்டர் ஒயருக்குப் போங்கள்.

வீட்டில் நிற்கும்போதே வரவழைக்க, இன்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் மரக்கட்டையால் லேசாகத் தட்டுங்கள், சாவியைத் துவாரத்திலேயே ஆட்டுங்கள். 'எல்லாமே கட்' என்ற இந்தப் புகாரில் முதலில் கழற்றிப் பார்க்க வேண்டியது பேட்டரி கிளாம்ப். மேலே பளபளப்பாக இருக்கும், போல்ட்டும் இறுகியிருக்கும். கழற்றினால் உட்புறம் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் தெரியும். போஸ்டையும் கிளாம்ப்பின் உள்வாயையும் ஈயம் மின்னும் வரை உப்புத்தாளால் தேய்த்து மாட்டுங்கள்.